‘இவ்விடம்’ என்னும் சொல்
(இடத்தோடு பிணைந்த செய்திகளும் மிகை மெய்ம்மையும்)

முன்னுரை

தமிழில் கடிதம் எழுதக் கற்றோர் அனைவரும் அறிந்த தொடக்கம் ஒன்று உண்டு. ‘இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் தங்கள் நலம் அறிய அவா’ என்பதே அது. கடல் கடந்து பொருளீட்டச் சென்றவர் ஊருக்கு எழுதிய கடிதத்திலும், ஊரிலிருந்து அவருக்குச் சென்ற கடிதத்திலும் இத்தொடர் தவறாமல் இடம்பெற்றது. எழுதுவோர் இருக்கும் இடம் ஒன்று, படிப்போர் இருக்கும் இடம் வேறொன்று என்னும் உண்மையை இரண்டே சுட்டுச் சொற்கள் உணர்த்திவிட்டன.

அ, இ, உ ஆகிய மூன்றும் சுட்டெழுத்துகள் என்பதை நம் மாணவர்கள் நன்கு அறிவர். இகரம் அண்மையைச் சுட்டும். அகரம் சேய்மையைச் சுட்டும். உகரம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதைச் சுட்டும். உகரச் சுட்டு தமிழகத்துப் பேச்சு வழக்கில் மறைந்துவிட்ட போதிலும், ‘உது’, ‘உங்கே’ என யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் உயிரோடு வழங்குகிறது. இச்சுட்டுச் சொற்கள் தம்மளவில் எந்த இடத்தையும் குறிப்பன அல்ல. சொல்வோர் எங்கு நிற்கின்றாரோ அதனைக் கொண்டே அவை பொருள் பெறுகின்றன. ‘இங்கே வழுக்கும்’ என்று எழுதிய தாளைப் படிக்கட்டில் ஒட்டினால் அஃது எச்சரிக்கை. அதே தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்தால் அது வெறுந்தாள்.

இந்நோக்கில் செய்தித் தொடர்பு முறைகளை மூவகையாகப் பகுத்துக் காணலாம். கடிதத்தில் எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இடமும் வேறு, காலமும் வேறு. தொலைபேசியில் இடம் வேறு, காலம் ஒன்று. கதவில் ஒட்டிய அறிவிப்பில் இடம் ஒன்று; காலம் வேறு. எழுதியவர் நின்ற அதே இடத்தில் பிறிதொரு பொழுது வேறொருவர் நின்று படிக்கின்றார். இம்மூன்றாம் வகையே இடத்தோடு பிணைந்த செய்தியாகும். இன்று கைப்பேசி வழியாக இவ்வகைச் செய்தி புதிய வடிவம் பெற்றுள்ளது. அவ்வடிவம் இயங்கும் முறையையும், அது நம்மீது சுமத்தும் பொறுப்புகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

கல்லில் எழுதிய ஓர் ‘இங்கே’

புதியதைப் பேசுமுன் பழையது ஒன்றைக் காண்பது பயன்தரும். ஜப்பான் நாட்டின் வடகிழக்குக் கரையில், இவாத்தே மாநிலத்து மியாகோ நகரைச் சேர்ந்த அனெயோஷி என்னும் சிற்றூர் உள்ளது. 1896 ஆம் ஆண்டிலும் 1933 ஆம் ஆண்டிலும் எழுந்த ஆழிப்பேரலைகள் அவ்வூரை அடியோடு அழித்தன. முன்னதில் இருவரும் பின்னதில் நால்வருமே உயிர் பிழைத்தனர். அதன்பின் அவ்வூரார் கடலிலிருந்து மேலேறும் சாலையோரத்தில், கடல்மட்டத்திற்குச் சுமார் 60 மீட்டர் உயரத்தில், ஒரு கல்லை நட்டனர். இவ்விடத்திற்குக் கீழே வீடு கட்டாதீர் என்பது அக்கல் கூறும் செய்தியின் சாரம். பிழைத்தோர் எத்தனை பேர் என்னும் கணக்கையும் அக்கல்லிலேயே பொறித்து வைத்தனர்.

அவ்வாசகத்தில் இடம்பெறும் ஜப்பானியச் சொல் ‘கோகோ’ என்பது. நம் மொழியில் ‘இங்கே’ என்பதே அதன் பொருள். ஊர்ப்பெயரோ, உயர அளவோ குறிப்பிடத் தேவையில்லாத வகையில் அந்த ஒரு சொல் பணியாற்றுகிறது. ஏனெனில் கல் நிற்கும் இடமே அச்சொல்லின் பொருள். அவ்வூரார் அச்சொல்லைக் காத்தனர். 2011 ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று எழுந்த பேரலை அனெயோஷிப் பள்ளத்தாக்கில் 40 மீட்டருக்கும் மேலான உயரம் வரை ஏறியது. எனினும் கல்லை எட்டுமுன்பே அது நின்றுவிட்டது. கல்லுக்கு மேலே இருந்த வீடுகள் தப்பின.

இடத்தோடு பிணைந்த ஒரு செய்தி தன் கடமையை முழுமையாக ஆற்றுவதற்கு வேண்டிய பண்புகள் யாவும் இக்கல்லில் உள்ளன. அது சரியான இடத்தில் நிற்கிறது. அவ்விடத்திற்கு உரியவர்களே அதனை நட்டார்கள். படிப்பவர் யார் என்று அது கேட்பதில்லை. எழுதியோர் மறைந்த பின்னும் அது மறையவில்லை. இந்நான்கு பண்புகளையும் உரைகல்லாகக் கொண்டு புதிய தொழில்நுட்பத்தை உரசிப் பார்ப்பதே நம் நோக்கமாகும்.

மிகை மெய்ம்மை – பெயரும் பிறப்பும்

நம் கண்முன் உள்ள மெய்யான காட்சியின்மேல் கணினி உருவாக்கும் எழுத்து, படம், ஒலி முதலியவற்றைப் பொருத்திக் காட்டும் முறையை ஆங்கிலத்தில் ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்பர். தமிழில் இதனை ‘மிகை மெய்ம்மை’ என வழங்கலாம். ‘மெய்ந்நிகர்’ என்னும் பிறிதொரு முறையினின்றும் இது வேறானது. மெய்ந்நிகர் உலகில் கண்களை முழுதும் மூடிக்கொண்டு கணினி படைத்த வேறோர் உலகிற்குள் புகுகிறோம். மிகை மெய்ம்மையில் நாம் நிற்கும் தெரு அப்படியே இருக்கிறது. அதன்மேல் ஒரு குறிப்பு மட்டும் மிகையாகச் சேர்கிறது.

இதன் வரலாறு அரை நூற்றாண்டைக் கடந்தது. 1968 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லண்டு தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை அமைத்தார். அதன் சுமை மிகுதியாக இருந்தமையால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியதாயிற்று. 1990களின் தொடக்கத்தில் போயிங் விமான நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் காடெல் இத்துறைக்கு இன்று வழங்கும் பெயரைப் பயன்படுத்தினார். விமானத்திற்கான மின்கம்பிகளை எங்கெங்கு பதிப்பது என்பதைத் தொழிலாளர்க்குக் கண்முன்னே காட்டுவதே அவர் கருதிய பயன். 1997 ஆம் ஆண்டில் ரொனால்டு அசூமா இத்துறைக்கு மூன்று இலக்கணங்களை வகுத்தார். மெய்யும் கற்பனையும் கலத்தல், அந்நேரமே வினைக்கு எதிர்வினை தருதல், முப்பரிமாண வெளியில் உரிய இடத்தில் பொருந்துதல் என்பனவே அவை.

அதே 1997இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஃபைனரும் அவர்தம் குழுவினரும் கணினியை முதுகில் சுமந்து, ஊடுருவிப் பார்க்கும் காட்சிக் கருவியைத் தலையில் அணிந்து, வளாகத்தில் நடந்தனர். கட்டடங்களின்மீது அவற்றின் பெயர்கள் தோன்றின. 1999இல் ஜிம் ஸ்போரர் இதனினும் விரிந்த கனவொன்றை எழுத்தில் வைத்தார். உலகம் முழுவதையும் ஓர் அறிவிப்புப் பலகையாக்கி, எந்த இடத்துச் செய்தியையும் அந்த இடத்திலேயே பதித்துவைப்பது அக்கனவு. முதுகில் சுமந்த அக்கருவிகள் யாவும் சட்டைப்பைக்குள் அடங்கப் பத்தாண்டுகளே போதுமானவையாக இருந்தன.

கைப்பேசி இடத்தை அறியும் விதம்

ஒரு செய்தியை ஓரிடத்தில் ‘மாட்டிவைக்க’ வேண்டுமெனில் கைப்பேசிக்கு மூன்று செய்திகள் தெரிய வேண்டும். தான் எங்கு இருக்கிறது, எத்திசையை நோக்குகிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பனவே அவை.

முதலாவதை அறிய உதவுவது ஜி.பி.எஸ். எனப்படும் செயற்கைக்கோள் அமைப்பு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இச்செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் இடையறாது ஒலிபரப்புகின்றன. குறிப்பலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தொலைவைக் கைப்பேசி கணக்கிடுகிறது. அலை விநாடிக்குச் சுமார் மூன்று லட்சம் கிலோமீட்டர் விரைவில் செல்வதால், நேரக் கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் தொலைவில் 300 மீட்டர் பிழைக்கும். கைப்பேசியின் கடிகாரம் அவ்வளவு நுட்பமானது அன்று. ஆகவே மூன்று கோள்களால் இடத்தையும் நான்காவது கோளால் கடிகாரப் பிழையையும் சரிசெய்து கொள்கிறது. ரஷியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் நாட்டின் நாவிக் ஆகியனவும் இதே பணியைச் செய்யும் அமைப்புகளாகும்.

தொடக்கத்தில் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான குறிப்பலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் கணக்கு 100 மீட்டர் வரை தவறியது. 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அக்கலப்பு நிறுத்தப்பட்டது. இன்று திறந்த வானத்தின்கீழ் கைப்பேசி தன் இடத்தைச் சுமார் 5 மீட்டர் அளவில் அறிந்துகொள்கிறது. உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே குறிப்பலை சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை கூடும். கட்டடத்தின் உள்ளேயோ அலை நன்கு எட்டாது.

திசையைக் காந்தமானியும், சாய்வை முடுக்கமானி முதலிய உணரிகளும் அறிவிக்கின்றன. அருகில் இரும்பு இருப்பின் காந்தமானி தடுமாறும். திசையில் 10 பாகை தவறினால், 50 மீட்டர் அப்பால் காட்ட வேண்டிய குறிப்பு ஏறத்தாழ 9 மீட்டர் விலகி நிற்கும். நம் மாணவர் இருவரின் கைப்பேசிகளைக் கொண்டு கல்லூரி வாயிலில் இதனை நாமே சோதித்துப் பார்த்தோம். ஒன்று நம்மை வாயிலுக்கு உள்ளே நிறுத்தியது. மற்றொன்று சாலையைக் கடந்து எதிர்ப்புறக் கடைவரிசையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மாணவர்கள் சிரித்தனர். ஆனால் ‘இங்கே பள்ளம்’ என்ற எச்சரிக்கை இவ்வாறு இடம்மாறினால் அது சிரிப்பிற்குரியது ஆகாது. சுட்டுச்சொல் தவறான இடத்தைச் சுட்டுமாயின், அச்செய்தியில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாவிடினும் அது பொய்யாகிவிடும்.

இக்குறையைப் போக்கப் பிற்காலத்தில் மற்றொரு வழி கண்டனர். கேமரா காணும் காட்சியை, முன்பே தொகுத்து வைத்த வீதிப் படங்களோடு ஒப்பிட்டு இடத்தைத் துல்லியமாக அறிவது அது. 2019இல் கூகுள் நிறுவனம் தன் வரைபடத்தில் நடைபயணிக்கு வழிகாட்டும் அம்புக்குறிகளை இம்முறையில் தெருவின்மீதே காட்டியது. 2022இல் இவ்வசதியைப் பிற மென்பொருள் வல்லுநரும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. வழிப்போக்கன் ஒருவன் ஊரைப் பார்த்து ‘இது தெற்குத் தெரு அல்லவா’ என அடையாளம் காண்பது போன்றதே இஃது. ஆயின் எந்த ஊரின் தெருக்கள் படமெடுக்கப்பட்டுள்ளனவோ அந்த ஊரை மட்டுமே அது அடையாளம் காணும். படமெடுக்கப்படாத ஊர் அதற்கு இல்லாத ஊர்.

ஜப்பானில் தோன்றிய காற்றுச் சீட்டுகள்

செயற்கைக்கோள் உணரி, திசைகாட்டி, கேமரா, இணையம் ஆகிய நான்கும் ஒரே கைப்பேசியில் ஒன்றுசேர்ந்தது 2008, 2009 ஆம் ஆண்டுகளில். ஆஸ்திரியாவின் ‘விக்கிட்யூட்’ 2008இலும், நெதர்லாந்தின் ‘லேயர்’ 2009இலும் வெளிவந்தன. இடம் பற்றிய தகவல்களைக் காட்சியின்மேல் காட்டுவது இவற்றின் பணி. சாதாரண மக்களே எழுதி விட்டுச்செல்லும் செய்திகளை முன்னிறுத்தியது ஜப்பானின் ‘செக்காய் கேமரா’ ஆகும். ‘செக்காய்’ என்பதற்கு உலகம் என்று பொருள். டோன்சிடாட் என்னும் சிறு நிறுவனம் 2009 செப்டம்பரில் இதனை ஜப்பானில் வெளியிட்டது.

இதன் பயன்பாடு எளியது. கைப்பேசியைத் தெருவை நோக்கிப் பிடித்தால், முன்பு அங்கு நின்றவர்கள் விட்டுச்சென்ற எழுத்து, படம், குரல் ஆகியவை சிறு சீட்டுகளாகக் காற்றில் மிதக்கும். அவற்றுக்கு ‘ஏர் டேக்’ என்று பெயரிட்டனர். காற்றுச் சீட்டு என நாம் அதனைத் தமிழாக்கலாம். ஒருவர் உணவகத்தைப் பாராட்டி எழுதலாம். மற்றொருவர் பூங்காவில் தம் நினைவைப் பதிக்கலாம். பின்னர் வருபவர் அதே இடத்தில் நின்று அவற்றைப் படிக்கலாம். கதவில் ஒட்டிய அறிவிப்பிற்குச் சுவர் தேவை. இதற்குச் சுவரும் வேண்டா, பசையும் வேண்டா.

இந்த எளிமையே இதன் இடர்ப்பாடும் ஆகும். மக்கள் கூடும் இடத்தில்தான் சீட்டுகளும் கூடும். ஒன்றன்மேல் ஒன்றாகச் சீட்டுகள் மிதக்கும்போது எதனைப் படிப்பது? மக்கள் குறைந்த ஊரிலோ ஒரு சீட்டும் இராது. தேர்தல் காலத்துச் சுவரையும் ஆளில்லாத தெருவின் சுவரையும் நாம் பார்த்ததில்லையா? ஒன்று எழுத்தால் நிறைந்து பயனற்றுப் போகிறது. மற்றொன்று எழுத்தில்லாமல் பயனற்றுக் கிடக்கிறது. மேலும், வீதியில் கைப்பேசியைக் கண்முன் உயர்த்திப் பிடித்து நெடுநேரம் நடப்பது எவர்க்கும் இயல்பன்று. 2014 ஜனவரியில் செக்காய் கேமரா நிறுத்தப்பட்டது. அதனோடு காற்றில் மிதந்த சீட்டுகளும் மறைந்தன.

இடம் யாருடையது?

அனெயோஷிக் கல்லை நட்டவர்கள் அவ்வூரார். காற்றுச் சீட்டை மாட்டுபவர் யாராகவும் இருக்கலாம். இங்கிருந்துதான் உரிமைச் சிக்கல் தொடங்குகிறது.

2016 ஜூலையில் ‘போக்கிமான் கோ’ என்னும் கைப்பேசி விளையாட்டு உலகெங்கும் பரவியது. மெய்யான இடங்களில் கற்பனை உயிரினங்களைத் தேடிப் பிடிப்பது அவ்விளையாட்டு. வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும், போலந்தின் ஆஷ்விட்ஸ் நினைவகமும் தம் வளாகத்தில் விளையாட வேண்டாம் என வேண்டிக்கொண்டன. அணுகுண்டுக்கு இரையான ஹிரோஷிமா நகரம், ஆகஸ்ட் 6 நினைவு நாளுக்கு முன்பாக அமைதிப் பூங்காவிலிருந்து விளையாட்டுக் குறிகளை அகற்றுமாறு கேட்டது, அவை அகற்றப்பட்டன. சில இடங்களுக்கு மௌனமே மொழி. அங்கு எழுதாமல் இருப்பதே அவ்விடத்தைப் படித்ததற்கு அடையாளம்.

தனியார் வீடுகளின் நிலையும் இதனோடு தொடர்புடையதே. தம் வீட்டருகே விளையாட்டுக் குறிகள் வைக்கப்பட்டதால் அந்நியர் கூடுவதாக அமெரிக்காவில் வீட்டுரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2019இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தனி வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் உள்ள குறியை அவ்வீட்டார் கேட்டால் நீக்குவதற்கு நிறுவனம் இசைந்தது. செங்கல்லோ மரமோ இல்லாத வெறும் எண்களால் ஆகிய ஒரு குறி, மெய்யான வாசலில் மெய்யான மக்களைக் கூட்டிவிடும் என்பதற்கு இதுவே சான்று.

2017 அக்டோபரில் நியூயார்க்கில் நிகழ்ந்ததும் எண்ணத்தக்கது. ‘ஸ்னாப்சாட்’ நிறுவனம் சிற்பி ஜெஃப் கூன்ஸின் ஊதற்பை நாய்ச் சிற்பத்தைச் சென்ட்ரல் பூங்காவில் மிகை மெய்ம்மையாக நிறுத்தியது. செபாஸ்டியன் எர்ராசூரிஸ் என்னும் கலைஞர் அச்சிற்பத்தின் படியொன்றைக் கிறுக்கல்களால் மூடி, வேறொரு செயலியில் அதே இடத்தில் நிறுத்தினார். பொதுவெளியை நிறுவனங்கள் கேளாமல் எடுத்துக்கொள்ளலாமா என்பது அவர் எழுப்பிய வினா. இரண்டு சிற்பங்களும் ஒரே புல்வெளியில் நின்றன, ஒன்றையொன்று தொடவில்லை. எச்செயலியைத் திறக்கின்றோமோ அதற்கேற்ப இடம் மாறியது.

அரசு அனுமதி பெற்றே எழுத வேண்டும் என்று விதித்துவிட்டால் சிக்கல் தீருமோ எனின், அதுவும் எளிதன்று. 2017இல் அமெரிக்காவின் மில்வாக்கி மாவட்டம் தன் பூங்காக்களில் இவ்வகை விளையாட்டுகளுக்கு அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று விதித்தது. அவ்விதி கருத்துரிமைக்கு முரணாகத் தோன்றுகிறது எனக் கூட்டாட்சி நீதிமன்றம் அதே ஆண்டில் தடை விதித்தது. ஆகவே எழுதுவோர் உரிமையும் இடத்திற்குரியோர் உரிமையும் நேர்நேராக நிற்கின்றன. இவ்விரண்டிற்கும் நடுவே சட்டம் வழி வகுக்கும் வரை, பண்பாடே வழி வகுக்க வேண்டும்.

படிப்பவரைப் படிக்கும் செய்தி

கல்வெட்டைப் படிக்க நிற்பவர் யார் என்று கல்லுக்குத் தெரியாது. ஆனால் இடத்திற்கேற்ற செய்தியைக் காட்ட வேண்டுமாயின், நாம் எங்கு நிற்கிறோம் என்பதைச் செயலி முதலில் அறிய வேண்டும். பெரும்பாலும் அவ்விவரம் நிறுவனத்தின் கணினிக்குச் சென்றே செய்தி திரும்புகிறது. பெயரை நீக்கிவிட்டால் தீங்கில்லை என்று எண்ணுதல் தவறு. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசி இடப்பதிவுகளை ஆராய்ந்தது. ஒருவர் இருந்த இடமும் நேரமுமாக நான்கே புள்ளிகள் தெரிந்தால், நூற்றுக்கு 95 பேரைக் கூட்டத்திலிருந்து தனித்துப் பிரித்துவிடலாம் என்பது அதன் முடிவு. எந்த மருத்துவமனைக்குச் செல்கிறோம், எந்த வழிபாட்டிடத்திற்குச் செல்கிறோம், எவர் வீட்டில் தங்குகிறோம் என்பன யாவும் அப்புள்ளிகளில் அடங்கும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. இவை பயனுள்ள அரண்களே. எனினும் அரணைவிட மேலானது, களவு போகும் பொருளை வெளியே வைக்காமலிருத்தல்.

அதற்கும் வழி உண்டு. 2023 ஆம் ஆண்டில் நம் நாட்டில் கைப்பேசிகள் பல ஒரே நேரத்தில் பேரொலி எழுப்பி, பேரிடர் எச்சரிக்கைச் சோதனைச் செய்தியைக் காட்டியதை வாசகர்கள் நினைவுகூரலாம். அச்செய்தியை அனுப்பியவர் நம் எண்களை ஒவ்வொன்றாகத் தேடி அனுப்பவில்லை. கைப்பேசிக் கோபுரம் தன் எல்லைக்குள் உள்ள அனைவர்க்கும் பொதுவாக ஒலிபரப்பியது. அங்கிருந்த கருவிகள் கேட்டுக்கொண்டன. ஊர் நடுவே பறையறைவது போன்றதே இது. கேட்டவர் யார் யார் என்ற பட்டியல் பறையறைபவனிடம் இல்லை. இடத்திற்குச் செய்தி சொல்ல, மனிதரைப் பின்தொடர வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை இது மெய்ப்பிக்கிறது. ஓரிடத்துக் குறிப்புகள் யாவற்றையும் முன்னதாகவே கைப்பேசிக்குள் இறக்கிக்கொண்டால், மிகை மெய்ம்மைச் செய்தியையும் ஏறத்தாழ இவ்வாறே படிக்கலாம்.

நிலைபேறு

எஞ்சியிருப்பது நான்காவது பண்பு. 1933க்குப் பின் நட்ட கல் 2011இல் பயன்பட்டது. 2009இல் மிதந்த சீட்டு 2014இல் இல்லை. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதை ஒரு நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கை நம்பி ஒப்படைக்கலாமா என்பதே நாம் எழுப்பும் வினா.

இதனால் கல்லே போதும் என்பது நம் கருத்தன்று. கல்லுக்கும் குறைகள் உண்டு. பார்வையற்றோர்க்கும் பிறமொழியாளர்க்கும் அது பேசாது. புதிய செய்தியைச் சேர்த்துக்கொள்ளாது. புதர் மூடினால் தானே விலக்கிக்கொள்ளாது. மிகை மெய்ம்மை இவையனைத்தையும் செய்யவல்லது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘சவுண்ட்ஸ்கேப்’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பார்வையற்ற ஒருவர் அதனைக் காதில் அணிந்து நடந்தால், வலப்புறக் கடையின் பெயர் வலப்புறத்திலிருந்தும், முன்னுள்ள சந்திப்பின் பெயர் முன்னிருந்தும் ஒலிக்கும். மிகை மெய்ம்மை கண்ணுக்கு மட்டும் உரியதன்று, செவிக்கும் உரியது என்பதை அது உணர்த்தியது. தமக்கு வேண்டிய இடத்தைப் பெயரிட்டுக் குறித்து வைக்கவும் அதில் இயன்றது.

2023இல் அந்நிறுவனம் இப்பணியையும் நிறுத்தியது. ஆனால் ஒரு வேறுபாடு. மென்பொருளின் மூலநிரலை அது யாவர்க்கும் பொதுவாகத் திறந்து வைத்தது. விரும்பியோர் எடுத்து நடத்த வழி பிறந்தது. கடையை மூடியவர் திறவுகோலைக் கிணற்றில் எறியாமல் ஊராரிடம் கொடுத்துச் சென்றதற்கு இதனை ஒப்பிடலாம். ஏட்டுச்சுவடிகள் நமக்குக் கிடைத்தமைக்கும் இதுவே காரணம். ஓலை அழியும், படியெடுக்கும் உரிமையும் உழைப்பும் இருந்தமையால் நூல் அழியவில்லை. இடத்தோடு பிணைந்த செய்திக்கும் இவ்விதி பொருந்தும். படியெடுக்க இயலாத செய்தி, எத்துணை அழகிய ஒளியில் மிதந்தாலும், நீர்மேல் எழுத்தே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் பெறும் முடிவுகள் சில. இடத்தோடு பிணைந்த செய்தி தன் பொருளை இடத்திடமிருந்தே பெறுகிறது. ஆகவே எழுதுவோர் அவ்விடத்திற்குக் கடன்பட்டவர். குறி பிழையாமல் இருத்தல், இடத்திற்கு உரியவரிடம் கேட்டு எழுதுதல், படிப்பவரை வேவு பார்க்காமை, பிறர் படியெடுத்துக் காக்குமாறு விட்டுச்செல்லுதல் ஆகிய நான்கும் அக்கடனைத் தீர்க்கும் வழிகள்.

நம் மாணவர்கள் கைப்பேசியில் வல்லவர்கள். நம் ஊர்ப் பெரியோர்களோ இடங்களின் நினைவில் வல்லவர்கள். எந்த மழைக்கு எந்தத் தெருவில் எம்மட்டம் வரை தண்ணீர் நின்றது, எந்தக் கிணறு கோடையிலும் வற்றாதிருந்தது, இன்று வீடுகள் நிற்கும் எந்த நிலம் முன்பு வாய்க்காலாக இருந்தது என்பவற்றை அவர்கள் கைநீட்டிக் காட்டுவார்கள். ‘இங்கே’ என்று அவர்கள் சுட்டும் விரலோடு அவ்வறிவும் மறைந்துவிடக் கூடும். விடுமுறை நாளொன்றில் ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு, குறிப்பேட்டோடு அவர் தெருவில் நடந்து வருமாறு மாணவர்களை வேண்டுகிறோம். அவர் காட்டும் இடத்தை அளந்து, நாளும் பெயரும் குறித்து, முதலில் தாளில் எழுதுக. துறை நூலகத்தில் ஒரு படி வைக்க நாம் இசைகிறோம். அதன்பின் எந்தச் செயலியில் வேண்டுமாயினும் அதனை மாட்டிவைக்கலாம். செயலி மூடப்படும் நாளில் மீண்டும் மாட்டுவதற்கு அந்தத் தாள் நம்மிடம் இருக்கும்.